ஏழாவது நிமிடத்தில் ஒரு கைதட்டு

வகுப்பில் என் குரலைக் கேட்டால் மாணவர்கள் தூங்குவார்கள். பணிவுக்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். மதிய வகுப்பில் முதல் வரிசையே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும் வித்தையைக் கற்றிருந்தது. அப்படிப்பட்ட குரலை இன்று பதினோராயிரம் பேர் பேருந்திலும் சமையலறையிலும் விரும்பிக் கேட்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் நான் இல்லை, என் அக்கா. இதை நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. அது என் முதல் திருட்டு. இரண்டாவதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பல தலைமுறைகளுக்கு முன்னால் ஒருவர் தனிமனித சுதந்திரத்தைப் பற்றித் தடித்த நூல் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அவரைத் தாடிக்காரர் என்போம். அட்டைப் படத்தில் முகத்தைவிடத் தாடிதான் அதிகம். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிய பிறகுதான் முற்றுப்புள்ளி வரும். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, எல்லாருக்கும் புரிகிற மாதிரி பாட்காஸ்டாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் பகுதியை எழுதி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல யார்கிட்டடா பேசற?" என்றாள்.

எல்லாரிடமும்தான் என்றேன்.

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாதே. எங்க கடைக்கு வர்றவங்கள்ல யாராவது ஒருத்தரை நினைச்சுக்கிட்டு சொல்லு."

அவள் வேலை பார்ப்பது காது கேட்கும் கருவி விற்கும் கடையில். வருகிறவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலியைக் கூட்டிக் குறைத்து, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று அட்டையில் குறிப்பாள். நாள் முழுவதும் காது மந்தமானவர்களிடம் ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பழகியவள். அவளுக்கோ பாம்புச் செவி. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் இங்கிருந்தே சொல்வாள். அத்தான் இறந்தபின் என் வீட்டுக்கு வந்தவள். வந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

அவளுக்குக் கொடுத்திருந்தது நடு அறை. பெயர்தான் அவள் அறை. என் மனைவியின் துணி அலமாரி அங்கேதான், இஸ்திரி மேசை அங்கேதான், பின்பக்க பால்கனிக்குப் போகும் வழியும் அதுதான். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அது கழன்று விழுந்து ஆறு வருஷம். மாட்டித் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

சுதந்திரம் என்றால் என்ன என்று முதலில் விளக்க வேண்டும். தாடிக்காரர் அதற்கு நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கிறார், நான் அதை நான்கு பக்கமாகச் சுருக்கியிருந்தேன். அக்கா கேட்டுவிட்டு, "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கற கதவுன்னு சொல்லேன்" என்றாள். வெளியே நிற்பவர் தட்டலாம், கூப்பிடலாம், கோபித்துக்கொள்ளலாம். ஆனால் திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவர் இஷ்டம். அப்படியே எழுதிப் பதிவு செய்தேன். அந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமில்லை. 'தாழ்ப்பாள் பேராசிரியர்' என்று எனக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. நானும் தலை கொள்ளாத பெருமையோடு அதை அக்காவிடம் வந்து சொன்னேன். சிரித்தாள். தாழ்ப்பாள் இல்லாத அறையில் உட்கார்ந்து அவள் அந்த உதாரணத்தைச் சொன்னாள் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

பதிவு நடப்பது அந்த அறையின் அலமாரிக்குள். துணிகளுக்கு நடுவே நாற்காலியைச் செருகி, கதவில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி இருக்காது. நான் பேசுவேன், அக்கா பிறகு லேப்டாப்பில் போட்டு, இருமல், மூச்சு, தடுமாற்றம் எல்லாவற்றையும் வெட்டிச் சரிசெய்வாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. தப்புச் செய்தால் ரெக்கார்டரை நிறுத்தக் கூடாது, ஒரு கைதட்டு தட்டிவிட்டு மேலே பேச வேண்டும். திரையில் கைதட்டு மட்டும் ஊசி மாதிரி உயரமாகத் தெரியும். அதற்கு முன்னால் இருக்கும் தப்பையும் கைதட்டையும் சேர்த்து அவள் நீக்கிவிடுவாள். பதிவு முடிந்ததும் மெமரி கார்டை எடுத்து அவள் மேசையில் இருக்கும் பொத்தான் டப்பாவில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி வெளியாகும். முப்பத்தொரு வாரம் இப்படியே ஓடியது.

முப்பத்திரண்டாவது வாரம் அக்கா ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். அவளிடம் கருவி வாங்கிய ஓர் அம்மாளின் வீட்டு மாடி. ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருக்கிறார். ஒற்றை அறைதான், ஆனால் தனி வாசல். கடைக்கு நடந்தே போய்விடலாம். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஐம்பது வயதானவள் தம்பியிடம் அனுமதி கேட்கிற தொனியில் சொன்னாள். அந்தத் தொனி எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான் மறுத்தேன். உரக்க மறுக்கவில்லை, நான்தான் படித்தவனாயிற்றே. நாலு பேர் என்ன சொல்வார்கள், தம்பி வீட்டில் இடமில்லை என்று பேசமாட்டார்களா, ராத்திரி உடம்புக்கு ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள் என்று அடுக்கினேன். கடைசியில், "உன் நல்லதுக்குத்தான்க்கா சொல்றேன்" என்றேன். என் மனைவி நடுவில் புகுந்து, அக்கா போகட்டுமே, உங்களுக்கு என்ன என்று கேட்டாள். அவளை ஒரு பார்வை பார்த்தேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

உண்மையில் எனக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அவள் போய்விட்டால் தாடிக்காரரும் நானும் மட்டும்தான் மிச்சம். மறுபடியும் முதல் வரிசை தூங்க ஆரம்பிக்கும்.

அந்த வாரத்துப் பகுதி, சொல்லிவைத்த மாதிரி, பிறருடைய நன்மைக்காக அவரை வற்புறுத்தலாமா என்பதைப் பற்றியது. வழக்கம்போல அக்காவிடம் வாசித்தேன். அவள் மனதில் ஒன்றும் இல்லாதது போலத்தான் கேட்டாள்.

"வழி சொல்லலாம், வழியை மறிக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உன் நல்லதுக்குன்னு யாராவது சொன்னா, அதுல அவங்களுக்கு என்ன நல்லது இருக்குன்னு முதல்ல பாருன்னும் சொல்லு" என்றாள்.

பிரமாதம் என்று சொல்லி இரண்டையும் குறித்துக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சொல்கிறாள் என்பது எனக்குப் படவில்லை. ஊருக்கெல்லாம் விளக்கு பிடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் மூக்கு தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம், அக்கா கடையில் இருந்தாள், மனைவி அலுவலகத்தில். அலமாரிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் கைபேசி அடித்தது. அணைத்து வைக்க மறந்திருந்தேன். எடுத்தால் அந்த நர்ஸம்மா. அக்கா நான் மறுத்தபிறகும் அறையை விட்டுவிடவில்லை. குடும்பத்தில் ஒருவர் நம்பர் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதற்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று நம்பியிருக்கிறாள், பாவம்.

உங்கள் அக்கா குடிவரலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அப்படிச் சொன்னால் நான் கெட்டவனாகிவிடுவேனே. ஆகவே குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டு, அக்காவுக்கு அவ்வப்போது வலிப்பு வரும், தனியாக விடக்கூடாது என்றேன்.

"கேக்கல தம்பி, சத்தமா சொல்லுங்க" என்றார். போனில் பேசும்போது கருவி கீச்சிடுகிறது என்று கழற்றிவிடுவாராம்.

இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். அதுவும் எட்டவில்லை. மூன்றாம் முறை, வகுப்பில்கூட எழுப்பாத குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன்: "அவங்களுக்கு. வலிப்பு. வரும். தனியா. இருக்க. முடியாது." ஒரு பொய் வாயிலிருந்து தவறி விழுந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். மூன்று முறை யோசித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னவன் என்ன சொல்லித் தப்பிப்பது? அம்மா, ஐயோ பாவம், எனக்குத் தெரியாதே, நல்லவேளை சொன்னீர்கள் என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

கைபேசியை மடியில் போட்டேன். பிறகு ஒரு கைதட்டுத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன்: "வழி சொல்லலாம், வழியை மறிக்கக் கூடாது."

சத்தியமாகச் சொல்கிறேன், ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது என்ற நினைப்பே எனக்கு இல்லை. தடங்கல் வந்தால் தட்டிவிட்டு மேலே போ என்று கை பழகியிருந்தது, அது பாட்டுக்குத் தட்டியது. பதிவை முடித்தேன், கார்டை எடுத்துப் பொத்தான் டப்பாவில் போட்டேன், முகம் கழுவிக்கொண்டு தேநீர் போட்டுக் குடித்தேன்.

அந்த வாரம் அக்காவிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த அறை வழியாகப் பால்கனிக்குப் போனேன், தட்டாமல்தான். அவள் நிமிரவில்லை. வியாழனன்று வீட்டுக்கு வரத் தாமதமானது, கடையில் வேலை என்றாள். அறை என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த நர்ஸம்மா ஏதோ சாக்குச் சொல்லி மறுத்திருப்பார், அக்கா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். அவளைப் பார்க்கப் பரிதாபமாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் அந்தத் தாழ்ப்பாளை மாட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதாவது அவள் தோளை ஒடித்துவிட்டுத் தைலம் தடவப் போனேன்.

வெள்ளிக்கிழமை வெட்டிச் சரிசெய்த ஃபைலைக் கொடுத்தாள். அவள் வேலையை நான் என்றுமே திருப்பிக் கேட்டுப் பார்த்ததில்லை. அப்படியே ஏற்றினேன்.

ஞாயிறு காலை அக்கா சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தாள். நான் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் நிகழ்ச்சியின் பரம ரசிகர். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், அன்றைக்கு வந்த பகுதியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, முகத்தில் நுரையைத் தடவினார். காத்திருந்த இரண்டு பேரும் பத்திரிகையை மடித்துவிட்டுக் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு என் குரலை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்தது. உள்ளே நான் தாடிக்காரரின் வாதத்தை முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். அப்போது, ஏழாவது நிமிடத்தில், கடையே அதிரும்படி, பட்டென்று ஒரு கைதட்டு.

அதற்குப் பிறகு என் குரல்: "வழி சொல்லலாம், வழியை மறிக்கக் கூடாது."

"இது யார் சார், நடுவுல கை தட்டறது?" என்று கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

முப்பத்தொரு வாரத்தில் அக்கா ஒரு மூச்சைக்கூடத் தவறவிட்டதில்லை. இந்தக் கைதட்டை விட்டுவைத்திருக்கிறாள். கைதட்டுக்கு முன்னால் இருந்ததை மட்டும் வெட்டியிருக்கிறாள். அங்கே என்ன இருந்தது என்பது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையாக ஞாபகம் வந்தது. மூன்று முறையும் ஞாபகம் வந்தது. எதிரே கண்ணாடியில் ஒரு பக்கம் நுரையும் ஒரு பக்கம் தோலுமாக இருந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இன்னொரு கன்னம் சார் என்று அவர் பின்னாலேயே கூப்பிட்டார்.

அக்கா சொல்லியிருந்த அடையாளப்படி நர்ஸம்மாவின் வீடு நான்கு தெரு தள்ளி. ஓட்டமும் நடையுமாகப் போனேன். அறை வேறு யாருக்காவது போவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. என்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ளும் எண்ணமும் கூடவே ஓரத்தில் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தப்பை ஒப்புக்கொள்ளும் தம்பி, அவனை மன்னிக்கும் அக்கா என்று வழியெல்லாம் வசனம் ஓடியது.

அம்மா தலை துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாடியில் யாரோ துடைப்பத்தால் பெருக்கும் சத்தம் கேட்டது.

"நான் அக்காவோட தம்பிம்மா. போன்ல சொன்னது பொய். அவங்களுக்கு வலிப்பு கிடையாது" என்றேன்.

அம்மா காதைத் தொட்டுக் காட்டினார். குளித்துவிட்டு வந்திருந்தார், கருவி இல்லை. "சத்தமா சொல்லுங்க."

இரண்டாம் முறை சொன்னேன். அவர் என் ஒற்றைக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை, வேறு வழியில்லாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கத்தினேன்: "அக்காவுக்கு. வலிப்பு. இல்ல. நான். பொய். சொன்னேன்."

மாடியில் பெருக்கும் சத்தம் நின்றது.

அம்மா கையால் இரு என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனார். கருவியை மாட்டிக்கொண்டு வந்து என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை அக்கா அவரைக் கடைக்கு வரச்சொல்லி, கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியைப் பொருத்தி, நான் பேசியதை முழுக்கப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"போன்ல உங்க குரல் எனக்குப் பிடிபடல. அங்க உக்காந்து கேட்டதும் தெரிஞ்சுபோச்சு, அட, இது நம்ம தாழ்ப்பாள் பேராசிரியராச்சேன்னு" என்றார். "என்னம்மா இப்படின்னு அவகிட்ட கேட்டேன். எனக்கு வலிப்பு இல்ல, வேணும்னா டாக்டர் சீட்டு கொண்டு வரேன், நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னா. சீட்டெல்லாம் எதுக்கு, முப்பது வருஷம் ஆஸ்பத்திரில இருந்தவ நான்."

அக்கா வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சொன்னா. அவன் நல்லா சொல்லித் தருவான், இதுக்காக அந்த நிகழ்ச்சியைக் கேக்கறதை நிறுத்திடாதீங்கன்னா."

நான் காப்பாற்ற ஓடிவந்த அறை மூன்று நாளாக அவளுடையதாக இருந்தது. என் உண்மைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வண்டவாளம் தெரிந்த பிறகும் எனக்காக ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று எழுந்தேன்.

பிறகு மாடிப்படி ஏறினேன். பதினெட்டுப் படி. மேலே பச்சை வர்ணம் அடித்த கதவு, வாசலில் ஈரத்துணி பிழிந்து போட்டிருந்தது. தட்டினேன். என் வாழ்நாளில் அக்காவின் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"யாரு?"

"நான்தான்க்கா."

உள்ளே ஒரு வாளியை நகர்த்தும் சத்தம். கதவருகே வந்துவிட்டாள் என்று தெரிந்தது. நான் வழியில் யோசித்துவைத்த வசனம் எல்லாம் மறந்துபோயிருந்தது. நல்லதாகப் போயிற்று.

"கீழ நீ சொன்னது கேட்டுது" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "மூணு தரமும் கேட்டுது."

"அக்கா, ஒரு நிமிஷம் திறயேன்."



"இன்னைக்கு மனசு வரலடா" என்றாள். குரலில் கோபம் இல்லை, கடையில் காது மந்தமானவர்களிடம் பேசுவது போலப் பொறுமையாக இருந்தது. "நீ போ. தோணும்போது நானே கூப்பிடறேன்."

மறுபடி தட்டக் கை தூக்கியிருந்தேன். ஒரு தடவை கெஞ்சினால் திறந்துவிடுவாள். பதினான்கு வருஷமாக அப்படித்தான் திறந்திருக்கிறாள். கதவில் கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நான்கு புது ஆணியின் முனைகள் இந்தப் பக்கம் வரை துருத்திக்கொண்டிருந்தன. உள்பக்கம் தாழ்ப்பாள் மாட்டியிருக்கிறாள், அதுவும் அவளே அடித்திருக்கிறாள், ஓர் ஆணி கோணலாக இருந்தது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் கையை இறக்கினேன்.

பாதிப் படி இறங்கும்போது மேலே மறுபடி பெருக்கத் தொடங்கினாள். கீழே வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"திறந்தாளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். இந்த முறை ஒரு தடவை சொன்னதே அவருக்குக் கேட்டது.